சொல்லாமை கருணையாகுமா?

"ஒரு வருத்தத்தோடை கிடந்து மாயிற மனுசனுக்கு இன்னொரு வருத்தத்தின்ரை பெயரையும் சொல்லிப் பயப்படுத்த வேணுமோ?" இது நம்மவரிடையே வினாவாக எழுப்பப்படுவதில்லை, விடையாகவே வழங்கப்படுகின்றது. அதனைக் கூறுவோர் தம்மைக் கருணையாளர் எனக் கருதுகின்றனர். கேட்போரும் அவ்வாறே கருதி வாய்மூடிக் கொள்கின்றனர். நாட்பட்ட குருதி நோயுடையோர் விடயத்தில் இக்கருணை எத்தகைய தீங்கினை விளைக்கின்றது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கலைப்பீட மாணவன் ஒருவன் மருத்துவம் பேசுவதோ எனச் சினப்போர் சற்றுப் பொறுத்தருளுதல் வேண்டும். பேசப்படுவது மருத்துவம் மட்டுமன்று.

முதலில் நோயைக் கூறுதல் தகும். நமது குருதியிலுள்ள செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு ஆகிய யாவும் என்பு மச்சையில் உருவாகின்றன. அம்மச்சையின் மூலக்கலம் ஒன்றில் விகாரம் ஏற்பட, அதன் வழித்தோன்றல்கள் அளவிறந்து பெருகுவதுண்டு. செங்குழியம் பெருகின் ஒரு பெயர், சிறுதட்டுப் பெருகின் இன்னொரு பெயர், வெண்குழியம் பெருகின் பிறிதொரு பெயர். இவற்றுட் பல ஆண்டுக்கணக்கில், சில வேளை பத்தாண்டுக் கணக்கில், மெல்ல நடைபோடுவன. நோயாளி வயலுக்குப் போவார். பேரப்பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டு செல்வார். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்க் குருதி கொடுத்து, கடதாசி உறையில் குளிசை வாங்கி வருவார். அவரிடம் கூறப்படுவது, "இரத்தத்திலை ஒரு சின்னக் கோளாறு" என்பதே. செங்குழியப் பெருக்கத்தையும் சிறுதட்டுப் பெருக்கத்தையும் உலகச் சுகாதார நிறுவனம் 2008 ஆம் ஆண்டின் வகைப்பாட்டில் 'கோளாறு' என்னும் நிலையினின்று நீக்கி, புத்துருப் பெருக்கங்கள், அதாவது புற்றுநோயினத்தைச் சார்ந்தவை, எனப் பெயர் மாற்றிவிட்டது. 2005 ஆம் ஆண்டில் அவற்றின் அடியிலுள்ள மரபணு விகாரம் கண்டுபிடிக்கப்பட்டமையே அம்மாற்றத்துக்குப் பெருங்காரணம். நம்மூரில் அச்செய்தி இன்னும் கடதாசி உறையைத் தாண்டி நோயாளியின் செவிக்கு எட்டவில்லை.

இனி, இரண்டாவது புற்றுநோய் பற்றியது. முதல் நோய் முற்றிப் பரவுவதையோ மீண்டும் தலைதூக்குவதையோ இங்கு நான் குறிக்கவில்லை. வேறோர் உறுப்பில், தன் வேரில் தானே முளைக்கும் வேறொரு புற்றையே குறிக்கின்றேன். நாட்பட்ட குருதி நோயுடையோரிடத்து இவ்வாய்ப்பு ஏனையோரினும் அதிகம் என்பதை ஐரோப்பிய நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகள் நிறுவியுள்ளன. டென்மார்க், சுவீடன் ஆகிய நாடுகளின் பதிவேடுகள் காட்டும் மிகுதி பத்து மடங்கோ இருபது மடங்கோ அன்று. மச்சைப் பெருக்க நோய்களைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்னும் அளவினதே. நாட்பட்ட நிணநீர்க்கல லூக்கீமியாவில் உடலின் நிர்ப்பீடனமே தளர்ந்துவிடுவதால் தோற்புற்று முதலியன அதனினும் பன்மடங்காகக் காணப்படுகின்றன. தலசீமியா நோயாளரிடத்துப் பன்முறை ஏற்றிய குருதியின் இரும்பு ஈரலிற் படிந்தும், குருதிவழி வந்த ஈரலழற்சி வைரசு தங்கியும், ஈரற் புற்றுக்கு வழி கோலுகின்றன. காரணம் ஒன்றன்று. நோய் ஒரு காரணம். தளர்ந்த நிர்ப்பீடனம் ஒரு காரணம். நீண்ட ஆயுள் ஒரு காரணம். மருந்தும் ஒரு காரணம். இந்த நான்காவதைச் சொல்லும்போதுதான் குரல் தாழ்கின்றது.

மருந்தே புற்றினை விளைக்குமோ? விளைத்ததுண்டு. அவ்வரலாறு மறைக்கப்பட்டதன்று, மருத்துவ உலகமே ஆராய்ந்து அச்சிட்டு வெளியிட்டது. செங்குழியப் பெருக்க நோய்க்கு எச்சிகிச்சை சிறந்தது என்பதை அறிய, அந்நோய்க்கென அமைந்த ஆய்வுக் குழு ஒன்று 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பரிசோதனையைத் தொடக்கியது. 431 நோயாளர் மூன்று பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குக் குருதி வடித்தல் மட்டும். இன்னொரு பிரிவினர்க்குக் கதிரியக்கப் பொசுபரசு. மற்றொரு பிரிவினர்க்குக் குளோரம்பியூசில் என்னும் மருந்து. 1981 ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. குளோரம்பியூசில் உண்டோரிடத்துக் கொடிய லூக்கீமியா தோன்றும் இடர், குருதி வடித்தோரினும் பதின்மூன்று மடங்கு. பொசுபரசு ஏற்றோரினும் இரு மடங்குக்கு மேல். அந்நோய்க்கு அம்மருந்தைக் கொடுக்கும் வழக்கம் அத்துடன் கைவிடப்பட்டது. இதே பரிசோதனையில், குருதி மட்டும் வடித்தோரிடத்து முதலாண்டுகளில் குருதி உறைந்து நாளம் அடைபடுதல் அதிகமாயிருந்தது என்பதையும் ஒளிக்காது கூறவேண்டும். மருந்தை விட்டவன் பிழைத்தான், உண்டவன் மாண்டான் என்னும் எளிய கதை இங்கில்லை.

பின்னர் பெருவழக்குக்கு வந்தது ஹைட்ரொக்சியூரியா. நம் நோயாளரின் கடதாசி உறையுள் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. அது லூக்கீமியாவைத் தூண்டுமோ என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒருமித்த கருத்தினரல்லர். தோற்புற்றைப் பொறுத்தவரை அத்தகைய தயக்கமில்லை. நீண்டகாலம் அதனை உண்போர் வெயிலினின்று தோலைக் காத்தல் வேண்டும், புதிய புற்றுக்கள் தோன்றுகின்றனவா என அவர்கள் கண்காணிக்கப்படல் வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர் ஏற்ற மருந்து விளக்கவுரையே கூறுகின்றது. ஆகவே எச்சரிக்கை இல்லை என எவரும் கூறமுடியாது. எச்சரிக்கை உண்டு, பெட்டியினுள், எறும்பெழுத்தில், ஆங்கிலத்தில் உண்டு. பெட்டி வைத்தியசாலையின் மருந்துச் சாலையோடு நின்றுவிட, குளிசை மட்டும் உறையேறி வீடு வருகின்றது.

என் அம்மப்பா கமக்காரர். வெங்காயமும் புகையிலையும் அவர் தோட்டத்தில் மாறி மாறி நிற்கும். பதினொரு ஆண்டுகள் அவர் இக்குளிசையை உண்டார். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போனார், குருதி எடுத்தனர், எண்ணைப் பார்த்தனர், எண் நன்றாயிருந்தது. எண்ணைத் தவிர வேறெதனையும் எவரும் பார்த்திலர். அவரது நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் தழும்பொன்று தோன்றிப் புண்ணாகியபோது, வீட்டில் அனைவரும் அதனைச் சூடு என்றனர். மோர் கொடுத்தோம், மாசிக்காய் உரைத்துப் பூசினோம், நாலு மாதம் போயிற்று. கழுத்தில் கட்டி திரண்ட பின்னரே பல் வைத்தியர் ஒருவர் வாயைத் திறக்கச் சொன்னார்.

வைத்தியசாலையைக் குறைகூறி இக்கதையை முடித்துவிடுதல் எளிது. நேர்மையான காரியம் அன்று. அதற்கு ஈராண்டுகட்கு முன்னரே கனடாவிலிருக்கும் என் மாமா அம்மருந்தின் ஆங்கில விளக்கவுரையைத் தேடி வாசித்திருந்தார். வாசித்துவிட்டுத் தொலைபேசியில் அம்மாவிடம் கூறியது இதுவே: "ஐயாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ அக்கா, மனுசன் உடைஞ்சு போயிடும்." அம்மா சொல்லவில்லை. அறிந்தவர் இருவர், இருவரும் அன்புடையோர், இருவரும் மௌனம் காத்தனர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒருநாள் உண்மை வெளிப்பட்டபோது, தெளிவில்லாத நாவினால் அம்மப்பா கேட்டது ஒரு வசனமே: "முந்தியே சொல்லியிருந்தால் அந்தப் புகையிலைத் துண்டையெண்டாலும் விட்டிருப்பனே, பிள்ளை."

அவரது வாய்ப்புற்றுக்குக் காரணம் நோயோ, மருந்தோ, அரை நூற்றாண்டு வெற்றிலையோ என எவராலும் அறுதியிட்டுரைக்க இயலாது. அஃது இங்கு வேண்டப்படுவதுமன்று. தன் உடல் ஏனையோர் உடலினும் ஒருபடி ஆபத்தில் இருக்கின்றது என அறிந்த மனிதன் வெற்றிலைத் தட்டத்தைப் பார்க்கும் பார்வை வேறு. "சின்னக் கோளாறு" உடையவன் பார்க்கும் பார்வை வேறு. அவ்விரண்டினுள் எதனைத் தேர்வது என்னும் உரிமை அம்மப்பாவினுடையது. அதனை நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எடுத்ததற்கு அன்பு எனப் பெயரும் இட்டோம்.

வாய்ப்புற்றினை நான் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் குடும்பத் துயரம் மட்டுமன்று. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்சார்ந்ததே. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றினை விளைப்பது என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிறுவனம் 1985 ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. புகையிலை இல்லாவிடினும் பாக்குத் தானாகவே அத்தகையது என 2004 இல் வெளியிட்டது. யாழ்ப்பாணத்தானுக்கோ புகையிலை வெறும் பழக்கமன்று. பொருளாதாரம், வரலாறு, பெருமிதம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூருக்குத் தோணியேறிய யாழ்ப்பாணப் புகையிலையால் இக்குடாநாட்டில் எழுந்த கல்வீடுகள் எத்தனை! நாற்சார் வீட்டின் விறாந்தையில் வெற்றிலைத் தட்டம் வைத்து வரவேற்பது நம் பண்பாடு எனக் கட்டுரை எழுதுவோர் இன்றும் உளர். வடபுலத்து ஒன்றரை மடங்கு வடஐரோப்பிய ஒன்றரை மடங்கன்று. அங்கு அரிதாயுள்ள ஒன்றின் ஒன்றரை மடங்கு அரிதாகவே இருக்கும். இங்கு மலிந்துள்ளதன் ஒன்றரை மடங்கு எவ்வாறிருக்கும் என்பதற்குக் கணிதத் துறையின் துணை வேண்டியதில்லை.

சொல்லலாகாது என்போரின் வாதங்களுக்கு வருவோம். சொன்னால் நோயாளி அஞ்சி மருந்தை நிறுத்திவிடுவார் என்பது அவற்றுள் வலிமை மிக்கது. இது கற்பனையன்று, நிறுத்துவோர் உளர், நிறுத்திப் பாரிசவாதம் கண்டோரும் உளர். ஆயினும் இவ்வாதம் அரைகுறையாகச் சொல்வதற்கு எதிரானதேயன்றி, முழுமையாகச் சொல்வதற்கு எதிரானதன்று. மருந்தை நிறுத்தின் நாளை நாளம் அடைபடலாம். உண்ணின் பல்லாண்டுகளின் பின் தோலில் ஒரு புண் வரலாம். முன்னதைத் தடுக்க மருந்து, பின்னதைத் தடுக்கக் கண்காணிப்பு. இரண்டு வசனங்கள். மழை பிந்தினால் எப்பயிர், முந்தினால் எப்பயிர் என ஆண்டுதோறும் கணக்கிட்டு விதைப்பவனுக்கு இந்த இரண்டு வசனங்கள் விளங்கா எனக் கருதுவது அவனைப் பற்றிய அறியாமை.

இரண்டாவது வாதம் நேரமின்மை. கிளினிக் நாளில் வாங்கிலிருந்து படிக்கட்டு வரை நீளும் வரிசையைக் கண்டவர் எவரும் வைத்தியரைக் குறைகூறத் துணியார். ஆனால் வரிசை நீளமாயிருப்பது பேசாமைக்குக் காரணமாகலாம். அச்சிட்ட தாள் ஒன்றைக் கையிற் கொடுக்காமைக்குக் காரணமாகாது. மூன்றாவது, எல்லாம் விதிப்படி என்பது. பிராரத்த கன்மம் நுகர்ந்தே தீரவேண்டும் எனச் சிவாகமம் பேசும் பெரியோர், காலை ஒன்று மாலை ஒன்றாகக் குளிசையைத் தவறாது விழுங்குவதை நான் கண்டிருக்கின்றேன். குளிசைக்கு விலக்களிக்கும் விதி ஒரு தாளுக்கும் விலக்களிக்கும் என நம்பலாம்.

இனி எனது சினம் நம்மை நோக்கியே திரும்புகின்றது. தமிழ் கற்போர், கற்பிப்போர், தமிழ்ச் சங்கம் நடத்துவோராகிய நம்மை நோக்கி.

1847 ஆம் ஆண்டில் இக்குடாநாட்டுக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் இருந்துகொண்டு என்ன செய்தார் என்பதை நாம் ஆண்டுதோறும் மேடைகளில் நினைவுகூர்கின்றோம். தமிழ் கற்றார், தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் பயிற்றினார், 1867 இல் 'இரணவைத்தியம்', 1872 இல் 'வைத்தியாகரம்', 1875 இல் 'கெமிஸ்தம்' என நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களைத் தாமும் தம் மாணாக்கருமாகத் தமிழிற் கொணர்ந்தார். அவர் தமிழில் வடசொல் மிகுதி என்பர். இருக்கட்டும். மொழி தூய்மையுறும் வரை நோயாளி காத்திருப்பதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் 1873 இல் தாயகம் திரும்பினார். அவர் விட்டுச்சென்ற வேலையைத் தொடர்வதற்கு நமக்கு நூற்றைம்பது ஆண்டுகள் கிடைத்தன; 1974 இல் ஒரு பல்கலைக்கழக வளாகமும் கிடைத்தது; 1978 இல் ஒரு மருத்துவபீடமும் கிடைத்தது; 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின் வழி தமிழும் அரசகரும மொழி என்னும் எழுத்தும் கிடைத்தது. இத்தனையும் கிடைத்த பின்னர் ஒரு குருதி நோயாளியின் கையில் அவருடைய மருந்தைப் பற்றித் தமிழில் எழுதிய அரைத்தாள் ஒன்று இருக்க நான் கண்டதில்லை. வாய்ப்புற்று பற்றிய பொதுவான சுவரொட்டிகள் தமிழில் உள. அவை எல்லோருக்கும் உரியவை. ஆகவே எவரும் தமக்குரியதாகக் கொள்வதில்லை.

மருத்துவபீட நண்பர்கள் கூறுவர்: "நாங்கள் ஆங்கிலத்திலை படிக்கிறம், தமிழ்ச் சொல் தெரியாது." தமிழ்த்துறையினர் கூறுவர்: "எங்களுக்கு மருத்துவம் தெரியாது." இரு கூற்றும் உண்மை. இரண்டு பீடங்களுக்கும் இடையிலுள்ள தூரம் துவிச்சக்கர வண்டியில் சில நிமிடங்களே என்பதும் உண்மை. கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்கு வைக்கின்றோம். 'புற்று' என்பதா 'பிளவை' என்பதா என மூன்று அமர்வுகள் விவாதிக்கின்றோம். இறுதியில் வடையும் தேநீரும் உண்டு கலைகின்றோம். இவ்வமர்வுகளில் நானும் இருந்திருக்கின்றேன், வடையும் உண்டிருக்கின்றேன்.

பொருள் இல்லை என்னும் சாக்கும் செல்லாது. 2011 ஆம் ஆண்டில் தென்முனையாகிய தெய்வேந்திரமுனையினின்று பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டினர். அந்நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக நடந்த நடை அது. அதனை வாழ்த்தாதார் இல்லை. நாட்டின் நீளமெல்லாம் நடந்து கட்டடம் எழுப்பினர் பிறர். அரைத்தாள் எழுத நடக்க வேண்டியதில்லை, அமர்ந்தாற் போதும். அதனையும் நாம் செய்திலோம்.

மருந்து மலிந்ததனால் இதன் தேவை பெருகியுள்ளது என்பதையும் கூறவேண்டும். நாட்பட்ட மச்சைக்கல லூக்கீமியாவுக்கான இமாற்றினிப் என்னும் மருந்து 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் அதன் நிறுவனம் கோரிய காப்புரிமையை 2006 இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்பிரல் 1 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் இலட்சம் ரூபாவுக்கு மேல் விலைகூறப்பட்ட மருந்தின் இந்தியப் படிவம் அதன் பத்திலொரு பங்குக்கும் கிடைத்தது. முன்னர் நாலைந்து ஆண்டுகளில் மாண்டோர் இன்று ஏறத்தாழ ஏனையோரைப் போலவே முதுமை காண்கின்றனர். பெரும் வெற்றி. முதுமை காண்போர் முதுமையின் புற்றுக்களையும் காண்பர். நோயினின்று தப்பியவர்க்கு அடுத்து எதனைக் கவனிப்பது எனச் சொல்லுதல் அவ்வெற்றியின் மிச்சப் பங்கு.

அவ்வரைத்தாளில் என்ன எழுதுவது? மருத்துவர் திருத்துவார் என்னும் துணிவில் நானே எழுதிப் பார்த்தேன். உங்கள் நோயும் மருந்தும் வேறு புற்றுக்கள் தோன்றும் வாய்ப்பைச் சற்று உயர்த்தலாம். அதனால் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் உடனடி ஆபத்துண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டு ஆகியவற்றை விடுங்கள். தோட்டத்தில் நிற்கும்போது தலையையும் கைகளையும் மூடிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை கண்ணாடியின் முன் வாயைத் திறந்து நாக்கின் இரு ஓரமும் கன்னத்தின் உட்புறமும் பாருங்கள். முதுகையும் காலையும் வீட்டார் பார்க்கட்டும். மூன்று கிழமையில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவந்த தழும்பு, புதிய கட்டி எதுவாயினும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் காட்டுங்கள். இத்தாளை வைத்தியரிடம் காட்டிச் சந்தேகம் கேளுங்கள்.

எழுதி முடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுதும் பிடிக்கவில்லை. திருத்தித் தருவதற்கு மருத்துவபீட இறுதியாண்டு மாணவர் இருவர் இசைந்துள்ளனர். அச்சிடும் செலவு இம்மலரின் ஒரு விளம்பரப் பக்கத்தின் வருவாய்க்கு உட்பட்டது. சங்கத்தின் செயற்குழு முன் இக்கோரிக்கையை எழுத்தில் வைத்துள்ளேன். "அச்சடிச்சுக் குடுத்தாலும் ஆர் வாசிக்கப் போகினம்?" என உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

என் அம்மப்பா நாள்தோறும் விடியற்காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாளிதழைத் தலைப்பு முதல் மரண அறிவித்தல் ஈறாக வாசித்து முடித்த பின்னரே தேநீரைக் கையிலெடுப்பார்.